கொழும்புக்குப் போன பத்தொன்பது கொப்பிகள்

வாய்தான் என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோனது. திருச்சியில் நான் முப்பத்தொரு வருடம் புள்ளியியல் கற்பித்த கல்லூரிக்கு, கொழும்பிலிருந்து டாக்டர் வாசுகி என்ற ஆராய்ச்சியாளர் பேச வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயர் இரத்த அழுத்தம் இதயத்தை என்ன செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஓய்வுபெற்றவர்களுக்கும் அழைப்பு இருந்ததால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

மூட்டை தூக்குகிறவரின் தோள் தடிப்பதுபோல, அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவரும் தடிக்கும் என்றார். தடித்த சுவர் நாளடைவில் விறைக்கும். உள்ளே இடம் குறையும். இதயம் தன்னைத் தானே இடித்து வேறு வடிவத்தில் கட்டிக்கொள்ளும். எந்த ஆண்டில் எவ்வளவு அழுத்தம் இருந்தது என்ற பதிவு யாரிடமும் இல்லையே, மருத்துவரிடம் வருகிற அன்று மட்டும்தானே அளக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்து நின்றேன். “என்னிடம் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மொத்தம் பதின்மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு. என் மனைவி இறந்த அன்று மட்டும் இரண்டு விட்டுப்போயின.” அரங்கமே கைதட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எண்ணிக்கையில் பிழை இல்லை. அரங்கில் நான் சொல்லாமல் விட்டது வேறு. கருவியை முதல்முறை அழுத்தும்போது நூற்று அறுபது வரும். எனக்கு வியர்க்கும். மறுபடி அளப்பேன், நூற்று ஐம்பத்திரண்டு. மறுபடி. நூற்று முப்பதுக்குள் ஒன்று வந்ததும் அதை மட்டும் மையில் எழுதி நோட்டை மூடிவிடுவேன். “நல்ல நம்பர் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டே இருங்க” என்பாள் என் மனைவி. எங்கள் தெரு மருத்துவர் அந்த நோட்டுகளைப் பார்த்துப் பாராட்டி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். “கிடைத்த எண்ணை எழுது, பிடித்த எண்ணை எழுதாதே” என்று முப்பத்தொரு வருடம் கரும்பலகை முன்னால் நின்று சொன்னவன் நான்.

டாக்டர் வாசுகி விடவில்லை. நோட்டுகளோடு வந்தால் இதயத்தைப் படம் எடுத்து இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம் என்று ஆறு மின்னஞ்சல் அனுப்பினார். எழுபத்து மூன்று வயதில் முதல்முறையாகக் கடல் தாண்டினேன். படத்தில் என்ன தெரியுமோ என்பது ஒரு பயம். நோட்டில் என்ன தெரிந்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

வியாழக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் வாசுகியின் பெரியப்பா கனகசபை வீட்டில் இறங்கினேன். நாலாவது மாடி. லிஃப்ட் கதவில் பழுது என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுபத்தாறு படிகள். முப்பதாவது படியில் ஒருமுறையும் ஐம்பத்திரண்டாவது படியில் ஒருமுறையும் நின்று நாடி பார்த்துக்கொண்டேன்.

“வாரும் தம்பி, வாரும்” என்று கதவைத் திறந்தார் கனகசபை. அவருக்கு எண்பத்தொன்று. பிள்ளைகள் மூவரும் கனடாவில். “எழுபத்தாறு படியும் ஏறி வந்திட்டீர் எண்டா உம்மட இதயத்துக்கு ஒரு குறையுமில்லை. வாசுகி வீணாப் படம் எடுக்கிறாள்.” படிகளை அவரும் எண்ணியிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சிறு நிம்மதி.

உட்கார்ந்ததும், “கொப்பியெல்லாம் கொண்டு வந்தனீரோ?” என்றார்.

“இரண்டு பாக்கெட் கொண்டுவந்திருக்கிறேன். திருச்சியில் வறுத்து அரைத்தது. சிக்கரி கலக்காதது.”

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அது கோப்பி காணும். நான் கேட்டது கொப்பி. எழுதுற கொப்பி!” நோட்டுப் புத்தகத்துக்கு இங்கே அதுதான் பெயராம். இருந்தாலும் காப்பிப் பொடியை வாங்கி முகர்ந்து பார்த்து அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பிறகு என் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துப் புரட்டினார். “நூற்றிருபத்தாறு, நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தேழு… உமக்கென்ன தம்பி, குழந்தைப்பிள்ளையின்ர பிரஷர். இதென்ன பக்கத்தில குட்டிக் குட்டிப் புள்ளி? ஈ எச்சமோ?”

“பென்சில் பட்டிருக்கும்” என்றேன்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், தேங்காய்ப்பால் விட்ட சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊர் இடியாப்பத்தைவிடச் சிவப்பு. மெல்லியது, ஆளுக்குப் பத்து என்று தட்டில் அடுக்கியிருந்தார். சம்பலில் உப்பு தூக்கல். ஒரு கரண்டிக்கு மேல் நான் தொடவில்லை. அவர் மூன்று கரண்டி போட்டுக்கொண்டார். “நான் ஒருக்காலும் அளக்கேல்லை. நீரும் பிரஷரை அளக்கேல்லைத் தம்பி. பிரஷர்தான் உம்மை அளந்துகொண்டிருக்குது.” சொல்லிவிட்டுச் சாதாரணமாகச் சொதி ஊற்றிக்கொண்டார். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம். ஒரு ரயில் போனபோது சன்னல் கண்ணாடி நடுங்கிற்று. நான் எழுந்து போய், அவர் எடுத்த கொப்பியைப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வாசுகியின் ஆராய்ச்சி அறை அங்கே ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில். ஆட்டோ ஓட்டியவர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் பத்துச் சொல் வரும், எனக்குச் சிங்களம் சுத்தமாக வராது. பொதுவாக இருந்த ஒரே சொல் பிரஷர். மடியில் இருந்த கொப்பிப் பையைத் தட்டி, என் நெஞ்சைத் தொட்டு “பிரஷர்” என்றேன். அவரும் தன் நெஞ்சைத் தொட்டு “பிரஷர்” என்றார். இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சொன்னதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. திருச்சி ஆட்டோக்காரர்கள் வசவு சொல்லும் இடங்களிலெல்லாம் இவர் புன்னகைத்தார். புன்னகைத்துக்கொண்டே ஒரு பேருந்துக்கும் லாரிக்கும் இடையே நுழைந்தார். வழியில் நான்கு கோயில், மூன்று தேவாலயம், இரண்டு பள்ளிவாசல் எண்ணினேன். ஒன்று விடாமல் மனத்துக்குள் கும்பிட்டேன்.

இருபத்திரண்டு படி ஏறி வாசுகியின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. பை ஆட்டோவிலேயே போய்விட்டது.

“கொப்பியள்?” என்றார் வாசுகி. சன்னலுக்கு ஓடினார். நான் ஓடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். என் நெஞ்சிலிருந்து அந்தப் பையின் ஆறு கிலோவும் இறங்கியதுபோல இருந்தது. போகட்டும், யாரும் பார்க்க முடியாத இடத்துக்குப் போகட்டும் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் எழுதியவன் அப்படி நினைத்தேன்.

பதினோரு நிமிடம்தான். படியில் செருப்புச் சத்தம். ஓட்டுநர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சிங்களத்தில் மூச்சிரைக்க ஏதோ சொன்னார். வாசுகி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: “‘தாத்தாவின்ர பிரஷர் முழுக்க இதுக்குள்ள இருக்கு, அதை விட்டிட்டுப் போனா அவர் என்ன செய்வார்’ எண்டு கேக்கிறார்.” நான் கைகூப்பினேன். என் கண் கலங்கியதை நன்றி என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் வாசுகியே கையில் பட்டையைக் கட்டி அளந்தார். நூற்று எழுபத்திரண்டுக்குத் தொண்ணூற்றாறு. அவர் கவலைப்படவே இல்லை. “பயணக் களைப்பு, பை துலைஞ்ச பதட்டம். கன பேருக்கு டொக்டரைக் கண்டாலே ஏறும் சேர். உங்கட கொப்பியள் இருக்கேக்க இதை ஆர் பாக்கினம்?” கருவி உண்மையைச் சொல்ல, அவர் என் எழுத்தை நம்பினார்.

இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக் கட்டி அளவு கருவி ஒன்றை விலா எலும்புகளின் நடுவே அழுத்தினார். திரையில் என் இதயம். ஆற்றங்கரையில் யாரோ ஈரத்துணியை அடித்துத் துவைப்பதுபோலச் சத்தம். வாசுகி ஓரிடத்தில் படத்தை நிறுத்தி, சுவரின் இரு ஓரத்திலும் குறி வைத்து அளந்தார். இன்னொரு துடிப்பில் அளந்தார். மூன்றாவது துடிப்பிலும் அளந்தார். அவரும் மூன்று தடவை அளக்கிறார், குறைந்ததை மட்டும் எழுதுவார் என்று எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. ஆனால் அவர் மூன்றையும் எழுதினார். ஒன்றின் கீழ் ஒன்றாக, மூன்றையும்.

புருவத்தைச் சுருக்கினார். நாலாவது தடவையும் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டு, “வடிவாப் பாத்திட்டன் சேர். இண்டைக்கு வெளிய ஆக்கள் நிக்கினம். கொப்பியளை இஞ்ச விட்டிட்டுப் போங்கோ, நான் பாக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்” என்றார்.

ஆறுதலாக! எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எங்கே சொல்வார்கள்? பந்தல் போட்ட வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். என் மனைவி போன வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இப்போது நான் இருக்கும்போதே எனக்குச் சொல்ல நாள் குறித்துவிட்டார்கள்.

எப்படி வெள்ளவத்தைக்குத் திரும்பினேன் என்று நினைவில்லை. படிகளை எண்ணவும் மறந்தேன்.

சனிக்கிழமை என் கருவியைத் தொடவே இல்லை. மனைவி இறந்த அன்றைக்குப் பிறகு இதுதான் முதல்முறை. நெஞ்சின் இடப்பக்கம் ஒரு பாரம். வலப்பக்கம் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பியது. பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். “நல்லா இருக்கேம்மா” என்றேன். குரல் எனக்கே வேறொருவர் குரல்போலக் கேட்டது.

காலையில் கனகசபை புட்டும் வாழைப்பழமும் வைத்தார். நான் மென்று விழுங்க முடியாமல் இருந்ததைப் பார்த்து, “என்ன காணும் அவசரம்? ஒரு இடமும் போகேல்லைத்தானே. ஆறுதலாச் சாப்பிடும்” என்றார்.

கையில் இருந்த புட்டு தட்டில் விழுந்தது. இவருக்கும் தெரிந்திருக்கிறது. தம்பி மகளிடம் நேற்றே பேசியிருப்பார். அதனால்தான் இன்று வாழைப்பழம் இரண்டு. நேற்று ஒன்றுதான் வைத்தார். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவாரே.

மாலையில் அவரோடு கடற்கரைக்குப் போனேன். தண்டவாளத்தைத் தாண்டிக் கருங்கற்களின் மேல் இறங்கினால் கடல். எங்கள் ஊரில் ரயில் பாதையைத் தாண்டினால் அபராதம் போடுவார்கள்; இங்கே குடும்பம் குடும்பமாக, உளுந்து வடைப் பொட்டலத்தோடு தாண்டுகிறார்கள். நான் இருபக்கமும் மூன்றுமுறை பார்த்துவிட்டுத் தாண்டினேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு சிறுமி கற்களின் மேல் தாவிக்கொண்டு இறங்கினாள். பின்னால் அவள் அம்மா கத்தினார்: “பிள்ளை, ஓடாதை! விழப்போறாய்! ஆறுதலா இறங்கு!”

நான் நின்றுவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆறுதல்? அவளுக்கு யார் இறந்தார்கள்? பிள்ளை ஓட்டத்தைக் குறைத்து, ஒவ்வொரு கல்லாக மெதுவாக இறங்கினாள்.

“கனகசபை அண்ணே, ஆறுதலா என்றால் இங்கே என்ன அர்த்தம்?”

“ஆறுதலா எண்டா ஆறுதலா. அவசரப்படாமல், மெல்லமா. ஏன்?”

நான் சொன்னேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தே விட்டார். சிரித்துச் சிரித்து இருமினார். “அப்ப நான் காலமை சாப்பிடச் சொன்னதுக்கு…? ஐயோ தம்பி! செத்த வீட்டிலயும் அதைத்தான் சொல்லுவம், புட்டுத் தட்டிலயும் அதைத்தான் சொல்லுவம். ஆள் உயிரோட இருக்கோ எண்டு பாத்துத்தான் விளங்கிக்கொள்ளவேணும்!”

நானும் சிரித்தேன். ஒரு வடை முழுதாகத் தின்றேன். ஆனால் சிரிப்பு தண்டவாளத்தைத் திரும்பத் தாண்டும்வரைகூட நிற்கவில்லை. அவசரமில்லாமல், நேரம் ஒதுக்கி, என் நோட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்கிறார் என்றால் அவர் எதைக் கண்டுபிடித்தார்?

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு படி. வாசுகி எனக்குப் பால் இல்லாத தேநீரும் ஒரு பணிஸும் வைத்தார். பணிஸ் என்றால் பன். மேசையில் பத்தொன்பது கொப்பிகளும் இரண்டு அடுக்காக இருந்தன. அவர் கண் சிவந்திருந்தது.

“சேர், உங்கட இதயச் சுவர் பதினாலு மில்லிமீற்றர். பதினொண்டுக்கு மேல போகக் கூடாது. நல்லாத் தடிச்சிருக்கு. ஆனா உங்கட கொப்பியில பத்தொன்பது வருசமும் நூற்றிமுப்பதைத் தாண்டேல்லை. பிரஷர் இல்லாமல் ஏன் தடிச்சது? நேற்று முழுக்க இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்.”

நான் பணிஸைப் பிய்த்தேன்.

“அப்பிடியெண்டா வருத்தம் தசையிலதான் இருக்கவேணும். வேற விதமான நோய். இதயத்தில இருந்து கடுகளவு தசை எடுத்துப் பாக்கவேண்டி வரலாம். சிலது பரம்பரையா வாறது. உங்களுக்கு ஒரு மகள் எல்லோ? அவவையும் உடன படம் எடுக்கச் சொல்லுங்கோ. பேரப்பிள்ளையளையும்.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். மகளுக்கு முப்பத்தெட்டு வயது. பேரனுக்கு ஒன்பது. நான் பிடித்த எண்ணை எழுதினேன். அதற்காக அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும்.

“அம்மா” என்றேன். அதுவரை டாக்டர் என்றே கூப்பிட்டவன். “அந்த எண்கள் சரியில்லை. மூன்று முறை, நாலு முறை அளந்து, குறைந்ததை மட்டும் எழுதினேன். பத்தொன்பது வருடமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை நீங்கள் அளந்ததுதான் என் உண்மையான எண்.”

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கொப்பிகளைப் பார்த்தேன். மேல் கொப்பியின் அட்டையில் என் பெயர், நல்ல கையெழுத்தில்.

“ஏன் சேர்?” என்றார். கோபம் இருந்தது. அதைவிடக் களைப்பு இருந்தது.

“பயம்” என்றேன். “எழுதாவிட்டால் அது இல்லை என்று…”

வாசுகி எழுந்து சன்னலுக்குப் போனார். மணி அடிப்பது நின்றிருந்தது. திரும்பி வந்து ஒரு கொப்பியை விரித்து, என் முன்னால் தள்ளினார்.

“அப்ப இந்தப் புள்ளியள் என்ன?”

பென்சில் பட்டிருக்கும் என்ற பொய் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். “ஒரு தடவை கருவியை அழுத்தினால் ஒரு புள்ளி. எழுதாமல் விட்ட அளவுகளுக்கும் சேர்த்து. எத்தனை தடவை என்று… என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கொப்பியைக் கிட்ட இழுத்தார். விரலை வைத்து வரி வரியாக நகர்த்தினார். மூன்று புள்ளி, மூன்று, நாலு, மூன்று. இன்னொரு கொப்பியை எடுத்தார். இரண்டு, இரண்டு, மூன்று. தேநீர் ஆறிப்போனது தெரியாமல் புரட்டினார். பதினைந்தாவது கொப்பியில் விரல் நின்றது.

“ஏழு. எட்டு. ஏழு. ஒன்பது. இந்த வருசம் என்ன நடந்தது சேர்?”

“என் மனைவி படுக்கையில் இருந்தாள்.”

அவர் அந்தப் பக்கத்தை மெதுவாக உள்ளங்கையால் நீவிவிட்டார். ஒன்பது புள்ளி என்றால் எட்டு முறை வந்த எண்ணை நான் ஏற்கவில்லை. அதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“என்ர ஆராய்ச்சிக்கு இது உதவுமோ எண்டு இப்ப சொல்ல ஏலாது” என்றார் கடைசியில். “புள்ளி, பிரஷர் இல்லை. ஆனா நீங்கள் மறைச்ச இடமெல்லாம் நீங்களே அடையாளம் வச்சிருக்கிறீங்கள். இப்பிடி ஒரு கள்ளனை நான் கண்டதில்லை.” முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். “தசை எடுக்கிற கதையை இப்ப விடுவம். மகளைப் பயப்பிடுத்தாதேங்கோ. ஊருக்குப் போன உடன உங்கட டொக்டரிட்ட உண்மையைச் சொல்லி மருந்தைக் கூட்டவேணும். ஒழுங்காக் குறைச்சால் தடிச்ச சுவர் கொஞ்சம் இளகலாம். ஆருக்கு எவ்வளவு இளகும் எண்டதைத்தான் நானும் தேடுறன்.”

கருவியை எடுத்தார். என் சட்டைக் கையை மடித்துப் பட்டையைக் கட்டினார்.

“அஞ்சு நிமிசம் ஆறுதலா இருங்கோ. பிறகு ஒருக்காத்தான் அளப்பன்.”

ஐந்து நிமிடம் இருந்தேன். பட்டை இறுகியது, தளர்ந்தது. நூற்று அறுபத்தாறுக்குத் தொண்ணூற்று நாலு. என் விரல் தானாகப் பொத்தானை நோக்கிப் போனது. வாசுகி பொத்தானைத் தன் கையால் மூடிக்கொண்டார்.

“எழுதுங்கோ, சேர்.”

பத்தொன்பதாவது கொப்பியைத் திறந்து, விட்டுப்போன சனிக்கிழமைக்கு ஒரு வரியை வெறுமையாக விட்டு, அதன் கீழே எழுதினேன். நூற்று அறுபத்தாறு. தொண்ணூற்று நாலு. கடைசி ஆறு கொஞ்சம் கோணிற்று. பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு புள்ளி வைத்தேன்.